திருமுகம்

(நமது பங்கின் பொன்விழாவை ஒட்டி, விழாவுக்கு முந்திய ஞாயிறு மாலை ஆலய வளாகத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. பங்கு மக்கள் பலரின் விருப்பத்திற்கிணங்க இம்மலரில் இடம் பெறுகிறது.)



பொன்விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை பேச எழுந்தால், ஒன்று கணக்கு வாசிப்பார், அல்லது நன்கொடை கேட்பார் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். கணக்கைப் பொருளாளர் வாசித்துவிட்டார். நன்கொடையை நீங்கள் கேளாமலே தந்துவிட்டீர்கள். ஆகவே இன்று வேறொன்றைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன். அது கடிதம். கையால் எழுதி, உறையிலிட்டு, தபால் பெட்டியில் சேர்த்து, பதிலுக்காக வாசலில் காத்திருந்தோமே, அந்தக் கடிதம்.

இப்பேச்சுக்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. இந்த மலரில் நம் பங்கின் வரலாற்றை எழுத வேண்டும் என்று ஆறு மாதங்களுக்கு முன் குழுவினர் கேட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பங்குத்தந்தை இல்லத்துப் பரணில் தேடியபோது, துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. ஆனாலும் எழுத்து அழியவில்லை. நம் ஆலயம் கட்டப்பட்ட காலத்துக் கடிதங்கள் அவை.

பம்பாயில் கூலி வேலை பார்த்த ஒருவர் 25 ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறார். அதன் கூப்பனில், தம் தாயாரின் ஆன்மாவுக்கு ஒரு பூசை வைக்கும்படியும், மீதிப் பணத்தைக் கோவில் கூரைக்குச் சேர்த்துக்கொள்ளும்படியும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். நன்கொடைப் பட்டியலில் தம் மகன் பெயர் விடுபட்டுப் போனதைக் கண்ட விதவைத் தாய் ஒருவர், கண்ணீரும் கோபமுமாக ஒரு கார்டு போட்டிருக்கிறார். ஆலயம் எந்தத் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதில் இரு தெருக்காரர்கள் சண்டையிட்டு, இரு சாராரும் தனித்தனியே கையொப்பமிட்டு மனு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கையொப்பங்களுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே ஒரே வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். இறைவனுக்கு நன்றி!

அந்த மனுக்களுக்கு நம் முதல் பங்குத்தந்தை எழுதிய பதிலின் நகலும் பெட்டியில் இருந்தது. நகல் ஒன்றல்ல, மூன்று. முதல் தாளில் கடுமையான சொற்கள். இரண்டாம் தாளில் அவற்றில் பாதி அடிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் தாளில் ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்கு எழுதுகிறார். ஒரே செய்திதான். ஆனால் இரண்டு இரவுகள் உறங்கி எழுந்து எழுதிய செய்தி அது. இன்று நாம் செல்போனில் முதல் தாளை எழுதிய கையோடு அனுப்பிவிடுகிறோம் அல்லவா? அதை எண்ணித்தான் இந்தப் பேச்சையே தொடங்கினேன்.

பெட்டியின் துணையால் முதல் 35 ஆண்டுகளின் வரலாற்றை எழுதி முடித்தோம். அதற்குப் பின்னர் வந்த ஆண்டுகளை எழுத அமர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. நம் பங்கின் வாட்சப் குழுவில் ஒரு நாளில் வரும் செய்திகளை எண்ண முடியாது. ஆனால் புயலின்போது இளைஞர்கள் வீடு வீடாகச் சோறு கொண்டு போனதற்கும், கெபி கட்டியதற்கும், பெருந்தொற்றுக் காலத்தில் பூட்டிய கதவுக்குள் நாம் செபித்ததற்கும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எனக்கு முன் இங்கே பணியாற்றிய தந்தையிடம் கேட்டேன். “செல்போனை மாற்றினேன், அதோடு எல்லாம் போய்விட்டதே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. என் செல்போனிலும் அதே நிலைதான்.

அன்பர்களே! கடிதத்துக்கு நம் தமிழில் எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஓலை, மடல், முடங்கல், நிருபம், கடிதம். பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலம் போய்விட்டது. ஆனாலும் திருமண அறிவிப்பை நம் பெரியவர்கள் இன்னும் “ஓலை வாசித்தல்” என்றுதான் சொல்கிறார்கள். தாளில் அச்சடித்ததை வாசித்தாலும் அது ஓலைதான்! ஆயர் பெருந்தகை அனுப்புவது சுற்றுமடல். இவை எல்லாவற்றிலும் மேலான பெயர் ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் இரண்டாம் வாசகத்தின் தொடக்கத்தில் அதைக் கேட்கிறீர்கள். திருத்தூதர் பவுல் எழுதிய திருமுகம் என்று வாசகர் சொல்கிறார். திருமுகம் என்றால் மேன்மை வாய்ந்த முகம். அரசர்கள் அனுப்பிய ஓலையைத் தமிழர் அவ்வாறு அழைத்தனர். சைவத் திருமுறைகளில் பதினோராவதில் திருமுகப் பாசுரம் என்றே ஒரு பாடல் உண்டு. அதுவும் கடிதமாக அமைந்ததே. எழுதியவர் தொலைவில் இருக்கிறார், ஆனால் அவருடைய முகம் நம் கைக்கு வந்துவிட்டது என்பது நம் முன்னோர் கண்ட பொருள். இதைவிட அழகாகக் கடிதத்துக்கு விளக்கம் கூற முடியுமா?

நம் ஆண்டவர் இயேசு எந்தக் கடிதமும் எழுதியதாக நற்செய்தி கூறவில்லை. ஒரே ஒரு முறை, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் முன்னிலையில், விரலால் தரையில் எழுதினார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆனால் அவருடைய திருச்சபை கடிதங்களால் வளர்ந்தது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 கடிதங்கள் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் பாட்டனார் காலத்தில் அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் என்று அழைத்த புனித பவுலடிகளார், தம் கடிதங்களைப் பெரும்பாலும் பிறர் கையால் எழுதுவித்தார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை, அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்த்தியு. கடைசி அதிகாரத்தில் இந்தத் தெர்த்தியு தாமும் இடையில் புகுந்து ஒரு வாழ்த்துச் சொல்லிவிடுகிறார்! பவுலோ சில கடிதங்களின் இறுதியில் எழுதுகோலைத் தாமே வாங்கி, தம் கையாலேயே சில வரிகள் எழுதுகிறார். கலாத்தியருக்கு எழுதும்போது, தம் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறது பாருங்கள் என்று சுட்டிக்காட்டுகிறார். பிலமோனுக்கு எழுதிய கடிதம் வெறும் 25 வசனங்கள். நம் இன்லண்ட் கடிதத்தில் அடங்கிவிடும். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவை உடன்பிறப்பாக ஏற்றுக்கொள்ளும்படி அதில் கேட்கிறார். அவன் பட்ட கடனைத் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுக்கிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார், குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடும்படியும் கெஞ்சுகிறார். மறையுண்மைகளைப் போதித்த அதே கடிதக் கட்டில், குளிரில் நடுங்கும் ஒரு முதியவரின் முகமும் தெரிகிறது. அதனால்தான் அது திருமுகம்!

தெர்த்தியுவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் ஊர் உபதேசியார் நினைவுக்கு வருவார். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சிறிய குருமடத்தில் சேர்ந்ததிலிருந்து, மாதம் ஒரு முறை அவர் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். கையில் ஓர் இன்லண்ட் கடிதம். அம்மா சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதுவார். உச்சியில் சிலுவை அடையாளம், அதன் கீழ் “சே. ம. சூ.”, அதாவது சேசு, மரி, சூசை. பிறகு, இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும். பிறகு ஆடு குட்டி போட்டது, மழை பெய்யாதது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஓலை வாசித்தது. முடிவில் உபதேசியாரும் தெர்த்தியுவைப் போலத் தம் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார், இலத்தீனை நன்றாகப் படி என்று. எல்லாம் எழுதி முடித்த பிறகு, அம்மா பேனாவைத் தம் கையில் வாங்கி, கீழ் மூலையில் ஒரு சிலுவை போடுவார். கோடு நேராக இராது. மை தீற்றியிருக்கும். உலகத்தில் அவர் எழுதத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். கடிதம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

ஆண்டுகள் சென்றன. பெரிய குருமடத்துக்குப் போனேன். தத்துவம் படித்தேன், இறையியல் படித்தேன். படிப்பு ஏற ஏற, மூலையைப் பார்ப்பது நின்றுபோயிற்று. கடிதத்தை ஓடுகிற ஓட்டத்தில் படித்து, புத்தகத்துக்குள் வைத்துவிடுவேன். பதில் எழுத வேண்டும் என்று நினைப்பேன். தேர்வு முடியட்டும் என்பேன். இறையியல் முதலாண்டுத் தேர்வின்போது ஒரு கடிதம் வந்தது. யாவரும் சுகம் என்று உபதேசியார் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதினேன். அது தபாலில் போய்க்கொண்டிருக்கையில், அம்மா இறந்த செய்தி தந்தியில் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் தபால்காரர் என் கடிதத்தைக் கொண்டு வந்தார். அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரவில் என்னிடம் தந்தார். “இது நீ அவளுக்கு எழுதினது, தம்பி. அதனால நான் பிரிக்கல” என்றார். நானே பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் சுகத்தை விசாரித்து ஒரு வரி எழுதியிருந்தேன். புத்தகம் வாங்கப் பணம் கேட்டு ஆறு வரி எழுதியிருந்தேன்.

பிறகு அம்மாவின் கடைசிக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கீழ் மூலை வெறுமையாக இருந்தது. சிலுவை இல்லை. அம்மா படுக்கையில் கிடந்திருக்கிறார். எனக்குத் தேர்வு கெட்டுவிடும் என்று வீட்டார் சொன்னதால், யாவரும் சுகம் என்று உபதேசியார் மனமில்லாமல் எழுதியிருக்கிறார். இரண்டு கோடுகளை இழுத்து அந்தச் சிலுவையையும் அவரே போட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திராது. ஆனால் அவர் அதைப் போடவில்லை. அம்மாவின் முகத்தை அவரால் பொய்யாக வரைய முடியவில்லை. உண்மையை அந்த வெறும் மூலையிலே வைத்து எனக்கு அனுப்பியிருந்தார். நான்தான் பார்க்கவில்லை.

ஆண்டவர் மன்னிப்பார், அம்மாவும் மன்னித்திருப்பார். ஆனால் அன்பர்களே, இதை உங்களிடம் சொல்வது என் துயரைக் காட்டுவதற்கன்று. கடிதத்தின் கதி என்ன ஆயிற்று என்று நாம் செல்போனைக் குறை கூறுகிறோம். செல்போன் வருமுன்பே, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே முகத்தைப் பார்க்கத் தவறியவன் நான். ஆகவே குற்றம் கருவியிடத்தில் மட்டும் இல்லை.

இனி நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு புனிதரைப் பார்ப்போம். புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய சிறு சிறு கடிதங்கள் இன்றும் உள்ளன. படையெடுப்புக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பசியால் வாடிய மக்களுக்காக, 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. மக்களிடம் பொறுமையாயிரு, அன்பாயிரு என்ற அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதுவோருக்கு இந்தக் கடிதங்கள் பெருஞ்செல்வம்.

ஆயினும் சவேரியாரிடம் என்னைக் கவர்ந்தது வேறொன்று. கடல் கடந்து மொலுக்காத் தீவுகளுக்குச் சென்றபோது, உரோமையிலிருந்த தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து, அவரவர் கையால் எழுதிய பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்து, எப்போதும் தம்மோடு வைத்திருந்தார். இதை 1546-ஆம் ஆண்டு அம்போயினாவிலிருந்து அவரே எழுதியிருக்கிறார். புகைப்படம் இல்லாத காலம். தோழரின் கையெழுத்தே தோழரின் முகம்.

அவருடைய அன்புத் தலைவர் புனித இஞ்ஞாசியார் பெரிய கடிதக்காரர். ஏறக்குறைய 7000 கடிதங்கள் எஞ்சியுள்ளன. சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி அழைத்து 1553 ஜூன் 28 அன்று அவர் ஒரு கடிதம் எழுதினார். ஆனால் சவேரியாரோ 1552 டிசம்பர் 3 அன்றே சீனக் கரையருகில் சான்சியன் தீவில் உயிர் துறந்திருந்தார். அச்செய்தி உரோமைக்கு எட்டவில்லை. இஞ்ஞாசியாரின் அழைப்பு, உலகில் இல்லாத ஒருவருக்கு எழுதப்பட்டது. அவருக்காவது கடல் குறுக்கே நின்றது. எனக்கு என்ன குறுக்கே நின்றது? தேர்வா? சோம்பலா?

இப்போது வாழ்த்து அட்டைக்கு வருவோம். கார்த்திகை பிறந்ததும் புத்தகக் கடைகளில் கிறிஸ்துமஸ் அட்டைகள் தொங்கிய காலம் உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். வந்த அட்டைகளை நூலில் கோத்துக் குடிலுக்கு மேல் தோரணமாகக் கட்டுவோம். உறையை ஒட்டாமல் “புக் போஸ்ட்” என்று எழுதினால் தபால் செலவு குறைவு. நம் இந்து நண்பர்களுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவோம். அவர்கள் நமக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள். யாருக்கு அட்டை போடுவது என்று பட்டியல் எழுதும்போதே, கடந்த ஆண்டு பகைத்துக்கொண்டவரின் பெயர் வந்து நிற்கும். போடுவதா வேண்டாமா என்று மனம் போராடும். அந்தப் போராட்டமே ஓர் ஆன்மப் பரிசோதனை!

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டு விற்றார். அவர் ஏன் அச்சிட்டார் தெரியுமா? எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை! ஆகவே நாம் இழந்துவிட்டதாக ஏங்கும் வாழ்த்து அட்டையே, கடிதத்தைச் சுருக்கப் பிறந்ததுதான். அதேபோல், செல்போனுக்கு அனுப்பப்பட்ட உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாளோ சவேரியார் திருநாள்! எனவே இந்தக் கருவியைப் பேய் என்று விரட்டுவதற்கில்லை. அது பிறந்ததே பாலன் இயேசுவின் பிறப்பை வாழ்த்தித்தான்.

கருவியால் வரும் நன்மையை நான் மறுக்கவில்லை. நம் பங்குப் பிள்ளைகள் துபாயிலும் குவைத்திலும் செவிலியராகவும் ஓட்டுநராகவும் உழைக்கிறார்கள். முன்பு ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒரு மாதம் ஆகும். இப்போது குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைத் தகப்பன் பாலைவனத்தில் இருந்தபடியே காண்கிறான். எழுதத் தெரியாத தாய் யார் திண்ணையிலும் காத்திருக்க வேண்டியதில்லை. மனத்தில் இருப்பதை நேரடியாகப் பேசலாம். என் அம்மாவுக்கு அந்த வசதி இருந்திருந்தால், அவர் படுக்கையில் கிடந்ததை நான் குரலிலேயே அறிந்திருப்பேன். யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்களிலும், எழுத வேண்டியவை பல இருந்தும் தாளும் மையும் கொண்டு எழுத விரும்பாமல், நேரில் வந்து பேசவே விரும்புவதாக ஆசிரியர் கூறுகிறார். நேரில் காண்பதே முதன்மை. அதற்கு அடுத்தது குரல். அதுவும் இயலாதபோது கடிதம்.

அப்படியானால் நாம் இழந்தது என்ன? சென்ற கிறிஸ்துமசுக்கு நான் மலர்களும் மெழுகுவத்தியும் கொண்ட ஓர் அழகிய படத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே அழுத்தலில் உங்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். பெரிய பணி முடிந்தது என்று மகிழ்ந்தேன். புத்தாண்டுக்கு மறுநாள், தனியாக வாழும் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். பேத்தி வாங்கிக் கொடுத்த செல்போனைக் காட்டி, “சாமி, இது எனக்குன்னு அனுப்பினீங்களா, இல்ல எல்லாருக்கும் அனுப்பினதா?” என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார். எல்லோருக்கும் என்றேன். “சரி சாமி, எனக்கும் சேர்த்துத்தானே” என்று சொல்லிச் சிரித்தார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர் கேட்ட கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கையால் எழுதிய கடிதத்தைப் பற்றி யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலாவதாக, கடிதம் ஒருவருக்கென்றே எழுதப்படுவது. எழுதும் அரைமணி நேரமும் அந்த ஒருவரே நம் கண்முன் இருக்கிறார். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக நற்செய்தி கூறுகிறது. மொத்தமாக அழைப்பதாகக் கூறவில்லை.

இரண்டாவதாக, கடிதம் நம்மைப் பொறுத்திருக்கச் செய்கிறது. நம் முதல் பங்குத்தந்தையின் மூன்று தாள்களை எண்ணிப் பாருங்கள். இன்று குடும்பங்களில் நான் தீர்த்து வைக்கும் பிணக்குகளில் பல, இரவு பத்து மணிக்குக் கோபத்தில் அனுப்பிய இரண்டு வரியில் தொடங்கியவை. தபால் பெட்டி வரை நடந்து போகும் தூரம் ஒரு காலத்தில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது!

மூன்றாவதாக, கடிதம் நிலைத்திருக்கிறது. சாவுச் செய்தி வந்த கார்டை மட்டும் படித்ததும் கிழித்துப் போடுவார்கள். மற்றவற்றைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். அம்மா இறந்த பிறகு தங்கையோடு நான் தொலைபேசியில் பேசிய நூற்றுக்கணக்கான பேச்சுக்களில் ஒன்றும் இன்று என்னிடம் இல்லை. எழுதத் தெரியாத அம்மாவின் சிலுவைகளோ இன்றும் என் மேசையில் இருக்கின்றன.

அன்பர்களே, இந்தப் பழக்கம் நாம் கண்டுகொள்ளாமலே நழுவிப் போகிறது. இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை காலணா. இன்லண்ட் கடிதம் 1950 அக்டோபர் 2 அன்று வந்தது. ஏழைகளும் எழுதலாம் என்ற நிலையை அவை உண்டாக்கின. எனக்கு அம்மாவின் சாவைச் சொன்ன தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. டென்மார்க் நாட்டிலோ, 400 ஆண்டுகளாகக் கடிதம் சுமந்த அஞ்சல் நிறுவனம் 2025 டிசம்பர் இறுதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. தெருக்களில் இருந்த சிவப்புத் தபால் பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். நம் ஊர்த் தபால் பெட்டி இன்னும் ஆலமரத்தடியில் நிற்கிறது. அதில் நாம் ஒன்றும் போடாமல் இருந்துகொண்டே, அது என்றும் நிற்கும் என்று நினைப்பது சரியா?

வெறும் பேச்சோடு முடிக்க நான் விரும்பவில்லை. பொன்விழா ஆண்டின் நினைவாக மூன்று சிறு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டில் ஒரே ஒரு கடிதமாவது கையால் எழுத வேண்டும். யாருக்கு என்பதை நீங்களே அறிவீர்கள். பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு எழுதலாம். பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கு எழுதலாம். முதியோர் இல்லத்தில் இருக்கும் அத்தைக்கு எழுதலாம். அஞ்சலட்டைகளை வாங்கிப் பங்கு அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக அதன் விலை 50 காசுதான். எழுத்து அழகாக இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம். பவுலின் எழுத்தும் பெரிது பெரிதாகத்தான் இருந்தது!

இரண்டு: இளைஞர் இயக்கத்தினர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஆலயத் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்வார்கள். எழுத இயலாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பார்கள். தெர்த்தியுவின் பணியும் என் ஊர் உபதேசியாரின் பணியும் அதுவே. தம்பிகளே, தங்கைகளே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எழுதி முடித்ததும் பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் ஒரு கோடாவது போடட்டும். அதை நீங்கள் போடாதீர்கள்.

மூன்று: நம் பங்கின் நிகழ்ச்சிகளை மாதம் ஒரு பக்கமாவது மையால் எழுதி அந்தத் தகரப் பெட்டியில் சேர்ப்போம். இன்னும் 25 ஆண்டுகளில் பவளவிழா வரும். அன்று இங்கே நிற்கப்போகும் பங்குத்தந்தை இப்போது மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனாகவும் இருக்கலாம். அவர் பெட்டியைத் திறக்கும்போது நம் முகங்களைக் காண வேண்டும்.

நானும் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். அந்த மூதாட்டிக்கு ஒரு கார்டு எழுதினேன். நாலு வரிதான். மறு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நற்கருணை வாங்க வந்தபோது அவர் கையிலிருந்த செபப் புத்தகத்திலிருந்து அந்தக் கார்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

கொரிந்து நகர மக்களைப் பார்த்துப் பவுலடிகளார், நீங்களே கிறிஸ்து எழுதிய கடிதம், மையால் அல்ல, ஆவியாரால் இதயத்தில் எழுதப்பட்ட கடிதம் என்ற கருத்தில் எழுதினார். இந்த 50 ஆண்டுகளில் இறைவன் இவ்வூருக்கு எழுதிய கடிதம் நீங்கள்தான். நம்மைக் காண்போர் அவருடைய திருமுகத்தைக் காணும்படி வாழ்வோம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும், தொலைவில் வாழும் உங்கள் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.